திங்கட்கிழமைக் கைத்தட்டல்

“பேச்சிமுத்துவைத் தவிர வேற ஆள் இருக்க முடியாது டீச்சர்” என்றார் இளையபெருமாள்.

சுலைகா அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றவில்லை.

“எதுக்கு அண்ணாச்சி?”

“திறந்ததுக்கு. அந்த மெயிலைத் திறந்து எங்களை நடுத்தெருவுல நிறுத்தினதுக்கு.”

முந்தின நாள் காலையில் அந்த ஆஸ்பத்திரியின் கணினிகள் எல்லாம் ஒரே வாசகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. உங்கள் கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் பணம் அனுப்புங்கள். கணினிப் பிரிவின் தலைவர் இளையபெருமாள் ஒவ்வொரு அறையாகப் போய் அதைப் படித்தார். எந்த அறையில் வாசகம் மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தாரோ, அவருக்கே தெரியாது.

அது புற்றுநோய் ஆஸ்பத்திரி. ‘கரண்டு வைக்கிறது’ என்று ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சைதான் அங்கே பிரதானம். யாருக்கு உடம்பில் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு என்பதெல்லாம் கணினிக்குள் இருந்தது. இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வழி சொல்லும் கணக்குதான் பூட்டுக்குள் போய்விட்டது. பாதி சிகிச்சையில் நிற்கிறவர்கள் கூடத்தில் காத்துக் கிடந்தார்கள். இப்படி விட்டுவிட்டு வைத்தால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்று டாக்டர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள்.

சுலைகா ஊர் ஊராகப் போய் மில்களுக்கும் வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இந்த வகைத் திருடர்களிடமிருந்து தப்பிக்கப் பாடம் நடத்துகிறவள். தப்பாதவர்களைத் தூக்கி உட்கார வைக்கிறவளும் அவள்தான். இளையபெருமாள் அவளிடம் ஒரு வாரம் பாடம் கேட்டவர். தலை நரைத்த ஆள் கடைசித் தங்கச்சி வயதுப் பெண்ணை ‘டீச்சர்’ என்று கூப்பிடுவதைக் கேட்டு ஆபீஸில் சிரிப்பார்கள். “சொல்லிக் குடுத்தவங்க டீச்சர் இல்லாம பின்ன யாருவே?” என்பார்.

“பிரதி எடுத்து வச்சிருக்கியளா?” என்றாள் சுலைகா.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல இரும்பு பீரோவைத் திறந்தார். ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, தனியாகப் பூட்டி வைக்க வேண்டும் என்பது அவள் சொல்லிக் கொடுத்தது. ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. மச்சினன் கல்யாணத்தன்று பந்தியில் உட்காராமல் பட்டு வேட்டியோடு வந்து எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“ரொம்பப் பேரு இதைச் செய்யுறதில்ல அண்ணாச்சி” என்றாள்.

நேற்றிலிருந்து அப்போதுதான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அவள் எதனோடும் இணைக்காத ஒரு கணினியை எடுத்து வைத்து, கடைசி ஞாயிற்றின் பிரதியை அதில் ஏற்றினாள். ஏறியது. நோயாளிகள் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. இளையபெருமாள் திரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

“சாப்பிட்டுட்டு வருவோம்” என்றாள் சுலைகா.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது அந்தத் திரையிலும் அதே வாசகம் நின்றது.

“இது எப்படி டீச்சர்? பீரோவுக்குள்ளல்லா இருந்தது!”

“அவன் நேத்து வரல. அதுக்கு முன்னாலயே என்னைக்கோ உள்ள வந்து சத்தம் காட்டாம உக்காந்திருக்கான். நீங்க பிரதி எடுக்கும்போது அவனையும் சேர்த்து எடுத்து, பீரோவுல பத்திரமா பூட்டி வச்சிருக்கிய.”

“வந்த தடம் இருக்குமே.”

“தடத்தை அழிச்சிட்டுத்தான் பூட்டியிருக்கான்.”

“ஒவ்வொரு பிரதியா போட்டுப் பார்ப்போம்.”

“உடனே வெளிய வந்து நான் இருக்கேன்னு சொல்லுவானா? பதுங்கிக் கிடந்தா? கரண்டு வச்சிட்டு இருக்கும்போது பூட்டினா?”

“அப்ப ஆகப் பழசைப் போட்டிருவோம்.”

“போடலாம். கூடத்துல உக்காந்திருக்கிற யாரோட பேரும் அதுல இருக்காது.”

இளையபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்கு வேண்டியது ஒரு நாள்” என்றாள் சுலைகா. “அவன் உள்ள வந்த நாள். அது தெரிஞ்சா அதுக்கு முந்தின பிரதியை நம்பிப் போடலாம். வந்த வழியும் தெரிஞ்சிரும், அடைச்சிரலாம்.”

“அதைத்தான நானும் சொல்லுதேன். ஆளைப் பிடிச்சா நாள் வந்திரும்.”

“பிடிச்சியளா?”

“நேத்துப் பூரா பேச்சிமுத்துவை உக்கார வச்சுக் கேட்டேன். பிள்ளைகள் மேல சத்தியம் பண்ணுதான்.”

“நாள் கிடைச்சுதா?”

இளையபெருமாள் வாசல் பக்கம் பார்த்தார்.

நோயாளிகளைப் பதிவு செய்கிற பேச்சிமுத்து வாசல் பக்கம் ஒதுங்கி நின்றான். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை நீலக் கயிற்றில் தொங்கியது. அவன் கழுத்தில் மட்டும் சிவப்பு.

“உங்களுக்கு மட்டும் ஏன் சிவப்பு?” என்றாள் சுலைகா.

பேச்சிமுத்து இளையபெருமாளைப் பார்த்தான்.

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர்” என்று இளையபெருமாள் முன்னால் வந்தார். “நம்ம ஆளுங்களுக்கு நாமளே மாசம் ஒரு பொய் மெயில் அனுப்பிப் பார்க்கணும், யாரு திறக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு சொன்னியல்லா? திறந்தவங்களுக்கு அடுத்த மாசம் வரைக்கும் சிவப்புக் கயிறு. திங்கக்கிழமை பிரேயர்ல எல்லாரும் பார்க்க நானே மாட்டி விடுவேன். இவன் ரெண்டு தடவை வாங்கிட்டான்.”

“கயிறு நான் சொல்லிக் குடுத்தேனா?”

“அது நான் சேர்த்தது. அப்பத்தான் புத்தி வரும்னு.”

“வந்துட்டு மேடம்” என்றான் பேச்சிமுத்து. “அதுக்கப்புறம் நான் எந்த மெயிலையுமே திறக்கிறதில்ல. லீவு கேட்டதுக்கு வேண்டாம்னு பதில் போட்டிருக்காங்க, அதையும் திறக்காம ஊருக்குப் போயிட்டு வந்துட்டேன். மெமோ குடுத்தாங்க. அதுவும் மெயில்லதான் வந்துச்சாம்.”

சுலைகா சிரித்துவிட்டாள். இளையபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“நோயாளிங்க மத்தியில மரியாதைதான் மேடம்” என்றான் பேச்சிமுத்து. “சிவப்புன்னா பெரிய ஆபீஸர்னு நினைச்சு என்கிட்டத்தான் வந்து முறையிடுதாங்க.”

ஆஸ்பத்திரி அறக்கட்டளையின் செயலாளர் கோமதிநாயகம் உள்ளே வந்தார். ஜவுளி வியாபாரி. உட்காராமலே பேசுகிறவர்.

“கேட்டதைக் குடுத்துத் தொலைச்சிட்டா என்னம்மா?” என்றார் சுலைகாவிடம்.

“குடுத்தா சாவி தந்தாலும் தருவான் ஐயா. உள்ள வந்து உக்காந்த இடத்தை விட்டு எந்திரிச்சுப் போவானா?”

கோமதிநாயகம் இளையபெருமாள் பக்கம் திரும்பினார்.

“வே, வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. எனக்கு ஒரு பேரு வேணும். ஒரு பேரோட வாரும். இல்லைன்னா உம்ம பேரை நான் எழுதிக்கிடுதேன்.”

வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

“பார்த்தியளா டீச்சர்” என்றார் இளையபெருமாள். “நான் என்ன செய்யட்டும்?”

“கூடத்துல போய் உக்காருங்க.”

“எந்தக் கூடம்?”

“நோயாளிங்க உக்காந்திருக்கிற கூடம். ஏன் இன்னும் கரண்டு வைக்கலைன்னு கேட்பாங்க. காரணம் சொல்லுங்க.”

“அதுக்கு வரவேற்புல பிள்ளைங்க இருக்காங்களே.”

“அவங்களுக்குக் காரணம் தெரியாது.” பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டே சொன்னாள், “ஒண்ணே ஒண்ணு. யாரோங்கிற சொல்லு உங்க வாயில வரக்கூடாது. யாரோ திறந்துட்டாங்க, எவனோ பண்ணிட்டான், அதெல்லாம் கூடாது. அது இல்லாம சொல்லிப் பாருங்க.”

“நாள் கண்டுபிடிக்கணும்னு சொன்னியளே?”

“அதுக்குத்தான்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் டீச்சர் சொன்னால் செய்கிற பழக்கம் இருந்தது. மறுநாள் காலையில் போய் உட்கார்ந்தார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தை அவர் குறுக்கே நடந்து கடந்திருக்கிறாரே தவிர உட்கார்ந்ததில்லை. நாற்காலிகள் சுவரைப் பார்த்துப் போடப்படவில்லை, ஒன்றையொன்று பார்த்துப் போட்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் ஒரு முகம் இருந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றிக் கறுத்த தோலை மறைத்தவர்கள். மொட்டைத் தலையில் முக்காடு போட்ட பெண்கள். தலைமை நர்ஸ் ஆரோக்கியம் சிஸ்டர் ஒரு தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது அவர் வேலையே இல்லை. இரண்டு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணி இளையபெருமாளின் அட்டையை உற்றுப் பார்த்தாள். பெயர் செல்லக்கனி. கூடையில் கருவாடு விற்கிறவள். தொண்டையில் கட்டி. குரல் கரகரத்தாலும் ஓயவில்லை.

“நீரு டாக்டரா?”

“இல்லம்மா. கம்ப்யூட்டர்.”

“ஓ, கெட்டுப் போச்சுன்னாவளே, அந்தக் கம்ப்யூட்டரா?”

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“அதுதான்.”

“ஏன் கெட்டுச்சு?”

“திருடன் புகுந்து எல்லாத்தையும் பூட்டிட்டான்மா.”

“பூட்டு உடைச்சா வந்தான்?”

“இல்ல. ஒரு மெயில் அனுப்பினான். அதை யாரோ...”

நிறுத்திக்கொண்டார். நாக்கு அந்தச் சொல்லில் போய் நின்றது. அதைத் தவிர்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்க முயன்றார். முடியவில்லை.

“முழுசாச் சொல்லும்யா. மென்னு முழுங்குதீரு.”

“உள்ளே வந்தது எனக்குத் தெரியலம்மா.”

“உமக்கு அதுதான வேலை?”

“ஆமா.”

“பின்ன ஏன் தெரியல?”

“என்கிட்ட வந்து சொல்லல.”

“யாரு சொல்லல? திருடனா?”

இப்போது கூடமே சிரித்தது. இளையபெருமாளுக்குக் காது மடல் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். போவதென்றால் எல்லோர் முழங்காலையும் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

“எங்க ஆளுங்க என்கிட்ட சொல்லல” என்றார்.

“ஏன் சொல்லல? நீரு கடிப்பீரா?”

“கடிக்க மாட்டேன்.”

“பின்ன?”

அவர் தன் கழுத்திலிருந்த நீலக் கயிற்றைத் தொட்டார்.

“கழுத்துல கயிறு போடுவேன்.”

“ஆட்டுக்கா?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

“மனுஷங்களுக்குத்தான்மா” என்றார் இளையபெருமாள். “தப்பு பண்ணினவங்களுக்கு. எல்லாரையும் கூட்டி வச்சுப் போடுவேன். சிவப்புக் கயிறு. ஒரு மாசம் கழத்தக் கூடாது. அதனால பயந்து சொல்லல. சொல்லியிருந்தா அன்னைக்கே தடுத்திருப்பேன். அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. உங்களுக்கெல்லாம் இந்நேரம் கரண்டு வச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

செல்லக்கனி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க வாத்தியார் ஒருத்தர் இப்படித்தான் ஸ்லேட்டைக் கழுத்துல கட்டித் தொங்க விடுவாரு” என்றாள். “அதோட நான் பள்ளிக்கூடம் போகல.”

அவர் மறுபடி மறுபடி அதையே சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். ஒருவர் திட்டினார். ஒருவர், “சரி சார், எப்ப சரியாகும், அதைச் சொல்லுங்க” என்றார். ஒரு அம்மாள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுதான் அவருக்கு ஆகக் கடினமாக இருந்தது.

மதியம் போல ஆரோக்கியம் சிஸ்டர் தூக்குவாளியைத் தரையில் வைத்தார்.

“சார், கொஞ்சம் வாங்க.”

மருந்து அறைக்குள் போனார்கள். சிஸ்டர் கதவைச் சாத்தவில்லை.

“அது நான்தான் சார்.”

“எது சிஸ்டர்?”

“திறந்தது.”

ஆஸ்பத்திரியில் மாசாமாசம் போகிற பொய் மெயில் எதிலும் ஒருமுறைகூட மாட்டாதவர் ஆரோக்கியம் சிஸ்டர். பிரேயரில் அவரைக் காட்டித்தான் இளையபெருமாள் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வார்.

“ஸ்கேன் வந்திருக்குன்னு நம்ம டாக்டர் பேர்லயே வந்தது சார். காலையில டூட்டிக்கு வந்ததும் திறந்தேன். உள்ள ஒண்ணும் இல்ல. ஸ்கிரீன் சட்டுன்னு ஒரு வெட்டு வெட்டி நின்னுது. பார்த்த உடனே தெரிஞ்சிட்டு, இது நல்லதில்லன்னு.”

“ஏன் சிஸ்டர் என்கிட்ட வரல?”

“வந்தேன் சார்.”

“எங்க?”

“பிரேயர் ஹாலுக்கு ஓடி வந்தேன். திங்கக்கிழமை அது. நீங்க பேச்சிமுத்துவுக்குக் கயிறு மாட்டிட்டு இருந்திய.”

இளையபெருமாளுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. பேச்சிமுத்துவுக்கு இரண்டாவது தடவை. மைக்கைப் பிடித்து, ‘நம்ம மாப்பிள்ளைக்கு ரெண்டாம் கல்யாணம், எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணுங்க’ என்று சொல்லியிருந்தார். நல்ல சிரிப்பு. சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

“எல்லாரும் கை தட்டிட்டு இருந்தாங்க” என்றார் ஆரோக்கியம் சிஸ்டர். “நான் வாசல்ல நின்னேன். நீங்க என்னைப் பார்த்து, வாங்க சிஸ்டர்னு கையைக் காட்டினிய.”

சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“நானும் கை தட்டினேன் சார்.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். இருமல் நெடுநேரம் நிற்கவில்லை.

“அப்புறம் சொல்லுவோம், அப்புறம் சொல்லுவோம்னு நாள் போச்சு. ஒண்ணும் ஆகலைன்னதும் ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன். பூட்டின அன்னைக்குத்தான் புரிஞ்சுது சார். அன்னைக்கே பேச்சிமுத்துவை உக்கார வச்சுக் கேட்டிய. அவன் அழுதுட்டு வந்தான். அப்பவும் என் வாய் திறக்கல. இப்ப நீங்க அந்த அம்மாகிட்ட சொன்னதைக் கேட்டேன்.”

“எந்தத் திங்கக்கிழமை சிஸ்டர்?”

“எங்க மாதா கோயில் கொடியேத்தம் ஞாயித்துக்கிழமை. அதுக்கு மறுநாள். நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு வேளை விரதத்துல இருந்தேன்.”

இளையபெருமாள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். மன்னிப்பு யார் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியாமல் நின்றார். கடைசியில், “மோர் இருக்கா சிஸ்டர்?” என்று கேட்டார். சிஸ்டர் கூடத்துக்குப் போய் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு வந்தார். குடித்தார்.

சுலைகாவிடம் நாளைச் சொன்னபோது அவள் யாரென்று கேட்கவில்லை. பீரோவிலிருந்து கொடியேற்ற ஞாயிற்றின் பிரதியை எடுத்துத் தரச் சொன்னாள். அவர் எடுத்துத் தந்தார். அன்றைக்கு மழை பெய்ததும், நனைந்துகொண்டே வந்து எடுத்ததும்கூட அவருக்கு நினைவிருந்தது.

“ஆரோக்கியம் சிஸ்டர்” என்றார் தானாகவே.

“ம்.”

“நான் பேச்சிமுத்துவையே பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன் டீச்சர். அவன் என் தொல்லை தாங்காம ஏதாவது ஒரு நாளைச் சொல்லியிருந்தா?”

“அந்த நாளை நம்பிப் போட்டிருப்போம்” என்றாள் சுலைகா.

அவர் வெளியே வந்து பேச்சிமுத்துவைத் தேடினார். பதிவு மேசையில் வெள்ளைத் தாளில் கைப்பட எழுதிக்கொண்டிருந்தான். இளையபெருமாள் போய் நின்றதும் எழுந்துவிட்டான்.

“சத்தியமா நான் இல்ல சார்.”

“தெரியும்டே. குனி.”

கயிற்றைக் கழற்றினார். அவசரத்தில் கொக்கி அவன் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டது. பேச்சிமுத்துதான் அதை எடுத்து விட்டான்.

“நான் கழத்திருவேன் சார், நீங்க விடுங்க” என்றான். அப்படிச் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை.

பிரதி சுத்தமாக இருந்தது. சுலைகா அதை எல்லா வகையிலும் சோதித்துப் பார்த்தாள். கணினிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். சிஸ்டர் திறந்த மெயில் எந்த வழியாக எங்கே போனது என்று பிடித்து அந்த வழியை அடைத்தார்கள். எது முதலில் எழ வேண்டும் என்று டாக்டர்களிடம் கேட்டு, கதிர்வீச்சுக் கணக்கை முதலில் ஏற்றினார்கள். பாதி சிகிச்சையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெயர் அதில் இருந்தது.

கொடியேற்றத்துக்குப் பிறகு வந்தவர்கள் பெயர் இல்லை. செல்லக்கனியின் பெயர் இல்லை.

அதை அவளிடம் சொல்ல டாக்டர் போகிறேன் என்றார். இளையபெருமாள், “நான் போறேன் சார்” என்றார்.

“மறுபடியும் முதல்ல இருந்தா?” என்றாள் செல்லக்கனி. முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். கரண்டு வைக்க மையால் போட்ட கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. “இதை அழியாம வச்சிருக்கச் சொன்னாவ. அதுக்காகக் கழுத்துல தண்ணி ஊத்தாமக் கெடக்கேன். இந்த வெயில்ல. இதை வச்சுப் பண்ண முடியாதா?”

“முடியாதும்மா. புதுசா ஸ்கேன் எடுத்து, புதுசாத்தான் கோடு போடணும்.”

“எத்தனை நாள் போச்சு எனக்கு?”

அவர் சொன்னார். குறைத்துச் சொல்லவில்லை.

அவள் கொஞ்ச நேரம் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இன்னைக்கு நான் குளிக்கலாம்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. முதல் ஆள் உள்ளே போய் வெளியே வந்தபோது கூடத்தில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சுலைகா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இளையபெருமாள் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தார். புறவழிச்சாலையில் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

“சாயங்காலம் கமிட்டி டீச்சர்.”

“ம்.”

“செயலாளர் பேரு கேட்காரு.”

“ம்.”

“சிஸ்டர் பேரைக் குடுத்தா வேலையை விட்டு எடுத்திருவாங்க. ரிட்டையர் ஆகப் போற நேரம். அவங்களா வந்து சொல்லாட்டி இன்னைக்கு இந்த இயந்திரம் ஓடியிருக்காது.”

சுலைகா பேருந்து வருகிற திசையைப் பார்த்தாள்.

“பேசாம என் பேரைக் குடுத்திரட்டுமா? நான்தான் திறந்தேன்னு சொல்லிருதேன்.”

“நீங்களா திறந்தீங்க?”

“இல்ல. ஆனா...”

“அப்ப அது பொய்யில்லா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நினைப்பு வந்தபோது நெஞ்சுக்குள் கொஞ்சம் இதமாக இருந்தது. அதையும் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

“யாருன்னே தெரியலைன்னு சொல்லிட்டா?”

“அதுவும் பொய்தான்.”

“பேரையும் சொல்லக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. பின்ன என்னதான் டீச்சர் சொல்ல?”

தூரத்தில் பேருந்து தெரிந்தது. சுலைகா பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டாள்.

“அண்ணாச்சி, என் வகுப்புல முதல் நாள் காலையில உங்க எல்லாருக்கும் ஒரு பொய் மெயில் அனுப்பினேனே. ஞாபகம் இருக்கா?”

இளையபெருமாளின் முகம் மாறியது. வகுப்புக்கு வெளியே அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. மறந்தே போய்விட்டதாக நினைத்திருந்தார்.

“இருக்கு” என்றார்.

“நிறையப் பேரு திறந்தாங்க. நீங்களும் திறந்தீங்க.”

“ஆமா.”

“அன்னைக்குச் சாயங்காலம் உங்க செயலாளர் எனக்கு போன் பண்ணினாரு. எங்க ஆளு எப்படிம்மா, தேறுவாரா, மாட்டினாரான்னு கேட்டாரு.”

பேருந்து வந்து நின்றது. நடத்துநர் படியில் நின்று ஊர் பெயரைக் கூவினார். இளையபெருமாளுக்கு அது காதில் விழவில்லை.

“செயலாளரா? என்னைப் பத்தியா? அவருக்குத் தெரியுமா?” என்றார். “நீங்க என்ன சொன்னிய டீச்சர்?”

சுலைகா படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

“திறந்துட்டாருன்னு சொன்னேன். திறந்த அத்தனை பேர்ல, எந்திரிச்சு வந்து என்கிட்ட சொன்ன ஒரே ஆளும் இவர்தான்னு சொன்னேன். உங்க வேலை போகலியே அண்ணாச்சி.”